முதல் முறையாக ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டப் போகிறீர்களா?

"அண்ணா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். எப்படியாவது தடுத்துடுங்க!"

என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அவள் மகன் நின்றான். வயது இருபத்து நான்கு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. புதிதாக 250 சி.சி. பைக் வாங்கி நான்கு மாதம். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டப் பணம் கட்டிவிட்டானாம். 'டிராக் டே' என்று சொல்கிறார்கள்.

இந்தப் பத்திரிகையில் லேகியமும் கஷாயமும் பற்றி எழுதுகிற சித்த வைத்தியனுக்கு ரேஸ் டிராக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டிராக் டே என்பது பந்தயம் அல்ல. பரிசு கிடையாது, முந்துகிறவருக்குக் கோப்பை கிடையாது. புதியவர்கள், ஓரளவு தெரிந்தவர்கள், தேர்ந்தவர்கள் என்று குழு பிரித்து, ஒவ்வொரு குழுவையும் பதினைந்து இருபது நிமிடம் ஓட விடுவார்கள். நடுவில் ஓய்வு. எதிரே லாரி வராது, குறுக்கே நாய் ஓடாது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் சோழவரம் பந்தயம் நடந்த காலத்தில், என் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடலை கொறித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஈ.சி.ஆரில் நண்பர்களோடு விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. தங்கையிடம் அப்படியே சொன்னேன். அவளுக்குக் கோபம்தான். "தடுக்க மாட்டேன். ஆனா உடம்பைப் பரிசோதிச்சுட்டுத்தான் அனுப்புவேன்" என்றேன்.

நாடி பார்த்தேன். பிறகு எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்விகள்: பசி எப்படி? மலம் ஒழுங்கா போகுதா? தூக்கம் எப்படி? தூக்கம் என்றதும் பையன் கொஞ்சம் தயங்கினான். "பத்து நாளா சரியில்ல மாமா. லேசா தலைவலி. கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணைக் கூசுது. ஆபீஸ் வேலைனால இருக்கும்."

பத்து நாள் என்று கணக்கு சொல்கிறானே, பத்து நாளைக்கு முன் என்ன நடந்தது என்று தோண்டினேன். அம்மாவைக் காபி போட உள்ளே அனுப்பிய பிறகுதான் வாயைத் திறந்தான். மழை ஈரத்தில் ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கிக் கீழே விழுந்திருக்கிறான். மெதுவாகத்தான் வந்தானாம். ஹெல்மெட் தரையில் 'டொக்' என்று மோதியிருக்கிறது. எழுந்து தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ரத்தமும் இல்லை, காயமும் இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

வாசகர்களே, இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். தலையில் அடிபட்டு மூளை குலுங்கினால் மயக்கம் வந்தே ஆகவேண்டும் என்பது இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சக் கூச்சம், தூக்கக் கோளாறு, எரிச்சல், மறதி என்று வெறும் அசதி போலவே காட்டும். பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். ஆனால் அது முழுக்க ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஆபத்து இளவயதுக்காரர்களுக்குத்தான் அதிகம். இரண்டாவது அடி பலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இதற்கு நான் தைலம் கொடுக்கவில்லை. அன்றே நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதில் சித்தமா, ஆங்கில மருத்துவமா என்ற சண்டைக்கு இடமே கிடையாது. ஸ்கேன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் மூளைக் குலுக்கல் இருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். ஓய்வு, படிப்படியாக வேலை, எல்லா அறிகுறியும் மறைந்த பிறகு மறுபரிசோதனை. அதுவரை பைக்கைத் தொடக்கூடாது.

கட்டிய பணம் போயிற்று. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போடச் சொன்னேன், அதில் இன்னும் கொஞ்சம் கோபம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதிதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை நசுங்கினால் மறுபடி உப்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கும். உள்ளே உயிர் போயிருக்கும்.

ஐந்து வாரம் கழித்து டாக்டர் சரி சொன்னார். அடுத்த டிராக் டே தை மாதத்தில் வந்தது. நடுவில் ஆறு வாரம் கிடைத்தது.

உடம்பைத் தயார் செய்வது

பைக் ஓட்டுவதில் உடம்புக்கு என்ன வேலை, வண்டிதானே ஓடுகிறது என்று நானும் நினைத்ததுண்டு. டிராக்கில் பிரேக் பிடிக்கும்போது உடம்பு முழுக்க முன்னால் தள்ளும். அப்போது கையால் ஹேண்டில்பாரில் முட்டுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முன்கை கல் மாதிரி இறுகிவிடும், விரல் பிரேக்கைச் சரியாக உணராது. தொடையால் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கை தளர்வாக இருக்க வேண்டும். ஆகவே தேவைப்படுவது தொடை பலமும் இடுப்பு பலமும். இதற்கு ஜிம் எதற்கு? பஸ்கி, தண்டால், சூரிய நமஸ்காரம் போதும். என் மருமகனுக்குத் தோப்புக்கரணம்தான் போட வைத்தேன். இருபதில் ஆரம்பித்து அறுபது வரை போனான். பிள்ளையார் கோயிலில் போடுவதை மொட்டை மாடியில் போட்டான், அவ்வளவுதான்.

மூச்சும் முக்கியம். பயந்தால் மனிதன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். மூச்சைப் பிடித்தால் தோள் இறுகும். திருப்பத்துக்குள் நுழையும்போது மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக வேண்டும். தினம் பத்து நிமிடம் உட்கார்ந்து, இழுப்பதைவிட விடுவதை நீளமாகச் செய்து பாருங்கள். ஒருவர், "வர்மத்தில் பயம் போக ஒரு புள்ளி இருக்காமே சார்?" என்று கேட்டார். இருந்தால் நானே முதலில் அழுத்திக்கொண்டிருப்பேன். பயம் இருக்கட்டும், அது வேகத்தைக் குறைக்கும்.

கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். ஓரத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் மண்ணுக்கேதான் போவீர்கள். திருப்பம் முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தெருவில் நிதானமாகப் போகும்போதே பழகலாம்.

டிராக்கில் கொடிகள்தான் பாஷை. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார். பதறாமல் உங்கள் பாதையிலேயே போங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். கறுப்பு உங்களைக் காட்டி அசைந்தால் நீங்கள் உள்ளே வர வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் நேரம் முடிந்தது. என் தங்கை பழைய ரவிக்கைத் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, தோசை வார்க்கும்போதே ஒவ்வொன்றாகக் காட்டிக் கேள்வி கேட்டாள். அழாமல் அவளே அதற்குள் இறங்கியதில் எனக்குச் சந்தோஷம்.

வண்டி விஷயம் எனக்கு அவ்வளவு தெரியாது. பிரேக், டயர், செயின் மூன்றையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன்.

முதல் நாளும் அன்றைய தினமும்

பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் டிராக் டே வைக்கிறார்கள். சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் நாள். 'உடம்பு குளிர்ச்சியா இருக்கட்டும்' என்று முந்தின நாள் தலைக்கு எண்ணெய் தேய்த்து அனுப்பிவிடாதீர்கள்! எண்ணெய்க் குளியலுக்குப் பின் உடம்பு ஓய்வைக் கேட்கும், வெயில் ஆகாது. மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

முந்தின இரவு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம். பிரியாணியும் பரோட்டாவும் வந்த பிறகு கொண்டாட்டத்துக்கு இருக்கட்டும். மது ஒரு துளிகூடக் கூடாது. ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். சளி, அரிப்புக்குப் போடும் பல மாத்திரைகளும் சில இருமல் சிரப்புகளும் மந்தத்தைக் கொடுக்கும். எதாவது சாப்பிடுபவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 'தெம்புக்கு' என்று யாரோ கொடுக்கும் லேகியமும் வேண்டாம். நான் வைத்தியன், நானே சொல்கிறேன். வலிப்பு வந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் இந்தப் பக்கமே போகக்கூடாது.

தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள். தோல் உடுப்பு, கையுறை, முழங்காலுக்குக் கீழ் வரை பூட்ஸ், முழு ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு பதினொரு மணி வெயிலில் நின்றால் வியர்வை ஊற்றும். உள்ளே வியர்வை உறிஞ்சும் மெல்லிய முழுக்கை பனியன் போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, எலுமிச்சை பிழிந்து எடுத்துப் போனோம். இரண்டாவது பாட்டிலில் வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்ட பானகம், ஒரு சிட்டிகை உப்போடு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்புச் சத்து குறைவு; அதை மட்டும் நம்பக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஒரு டம்ளர்.

போதுமா என்று எப்படித் தெரியும்? சிறுநீரைப் பாருங்கள். நம் சித்தர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்று ஒரு பரிசோதனை முறையே வைத்திருந்தார்கள். இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம், நிறம் போதும். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கடுகெண்ணெய் நிறத்தில் போனால் அடுத்த ஓட்டத்தை விட்டுவிட்டு நிழலில் உட்காருங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடுப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

மதியம் அரை வயிறுதான். தயிர் சாதத்தை மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டால் திருப்பத்தில் கொட்டாவி வரும்.

மோதிரம், கைச்சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகு பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். கழுத்தெலும்பு எப்படி இருக்கிறதோ தெரியாது. அங்கே அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

நானும் போனேன். பார்வையாளர் இடத்தில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பையன் முதல் ஓட்டத்தில் எல்லோருக்கும் கடைசியில்தான் வந்தான். மூன்றாவதில் கொஞ்சம் தோள் தளர்ந்து, சீராக வளைந்து வந்தான். நாலாவது முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது, "கை லேசா நடுங்குது மாமா. கடைசி ஓட்டம் வேண்டாம்னு பாக்கறேன்" என்றான். அன்று முழுவதும் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். அசந்த உடம்போடு 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று போகிறபோதுதான் வினை வரும்.

திரும்பும்போது பைக்கை ஒரு சின்ன வேனில் ஏற்றிவிட்டோம். டிராக் வேகம் தலையில் இருக்கும்போது பெங்களூர் ஹைவேயில் நாற்பதில் போவது யாருக்குமே கஷ்டம். ராத்திரி வெந்நீர்க் குளியல், மிளகு ரசம். மறுநாள் தொடையும் முதுகும் வலித்தன. வீக்கமோ கன்றிப்போனதோ இல்லை என்று பார்த்த பிறகுதான் தைலம் தடவினேன். வீங்கிய இடத்தில், அடிபட்ட மூட்டில் தேய்க்கக் கூடாது, முதலில் எக்ஸ்ரே.

தங்கை அந்த ரவிக்கைத் துணிகளை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். அடுத்தது எப்போது என்று அவள் கேட்கவில்லை. பையனும் இன்னும் சொல்லவில்லை.