நாடி சொல்வதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன், மாமல்லபுரத்தில் கற்சிற்பம் செதுக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு மாதங்களாக இருமல். உடல் எடையும் குறைந்திருந்தது. அதுவரை அவர் ஓர் அக்குபங்சர் சிகிச்சையாளரிடம் சென்றுகொண்டிருந்தார். நாடியையும் நாக்கையும் பார்த்த அச்சிகிச்சையாளர், நுரையீரலில் வெப்பம் மிகுந்துள்ளது எனக் கூறி ஊசி வைத்து வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்பது உறுதியாயிற்று. முறையாக மருந்து உட்கொண்டு அவர் குணமடைந்தார். ஆனால் அதற்குள் அவருடன் ஒரே அறையில் உறங்கிய பேரனுக்கும் நோய் தொற்றியிருந்தது.

சீன மருத்துவம் நோயை நான்கு வழிகளில் ஆராய்கிறது. முகம், நாக்கு முதலியவற்றைப் பார்த்தல். குரலையும் மூச்சையும் கேட்டு, வாடையை முகர்தல். பசி, உறக்கம், வியர்வை பற்றி வினவுதல். நாடியையும் உடலையும் தொட்டறிதல். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் விரல்களை வைத்து நாடி பார்ப்பர். வலக்கையில் உள்ளங்கையை ஒட்டிய இடம் நுரையீரலுக்கு உரியது என்பது அம்மரபு. நமக்கும் இது புதிதன்று. நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், நாடி, ஸ்பரிசம் என்னும் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் மூன்று விரல்களால் வாதம், பித்தம், கபம் பார்க்கப்படுகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். ‘நுரையீரலில் வெப்பம்’ என்பது ஒரு நோயின் பெயர் அன்று. பல அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து வகுத்த ஒரு நிலையின் பெயர். வெவ்வேறு நோய்களில் ஒரே நிலை தோன்றலாம், ஒரே நோயில் வெவ்வேறு நிலைகள் தோன்றலாம் என்று சீன மருத்துவமே கூறுகிறது. மூச்சுக்குழாய் அழற்சி, நிமோனியா, காசநோய் ஆகிய மூன்றும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கக்கூடும். மூன்றுக்கும் மருந்து வேறு. பிறருக்குத் தொற்றும் அபாயமும் வேறு. காசநோய்க் கிருமியை விரல் நுனியால் உணர இயலாது. மேலும், ஒரே நோயாளியின் நாடியைப் பலர் தனித்தனியே பார்த்த ஆய்வுகளில் அவர்களுடைய முடிவுகள் எப்போதும் ஒத்துப்போகவில்லை.

நாங்களும் நாக்கையும் நாடியையும் பார்க்கிறோம். வெளிறிய நாக்கு இரத்தசோகையையும், சீரற்ற நாடி இதயத் துடிப்பின் கோளாற்றையும் உணர்த்தலாம். ஆயினும் அவை ஐயத்தையே எழுப்புகின்றன. இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும்தான் அதனை உறுதி செய்கின்றன.

இவ்விரு வழிகளும் பகைமை கொள்ள வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதே பகுதியில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மரபுவழித் தேர்வோடு ஆய்வகப் பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன. அக்குபங்சருக்கும் உரிய இடம் உண்டு. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்குப் பயன்படுத்தக்கூடிய முறைகளுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அதனைச் சேர்த்துள்ளது. ஆனால் வலியைத் தணிப்பதற்கு முன், அந்த வலி எதனால் வந்தது என்பதை அறிந்தாக வேண்டும்.

ஆகவே நோயாளிகளும் குடும்பத்தாரும் இவற்றை நினைவில் கொள்ளுங்கள்:

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கல் செதுக்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கருங்கல் தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்குவதோடு, காசநோய் வரும் வாய்ப்பையும் அதிகரிக்கிறது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கை கால் செயலிழத்தல் ஆகியவற்றுக்கு நாடி பார்க்கக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

ஊசி சிகிச்சைக்குச் செல்வோர், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசிகளா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வதை அங்கே மறைக்காதீர்கள். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தாதீர்கள்.

வேறு சிகிச்சை பெற்றிருந்தால் எங்களிடமும் தயங்காமல் கூறுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம். அச்சிற்பி அதை முதல் நாளிலேயே கூறியதால்தான், இருமல் எத்தனை நாளாக நீடித்தது என்பதை அறிந்து, வீட்டிலுள்ள அனைவரையும் உடனே பரிசோதிக்க முடிந்தது. அவருடைய பேரன் இன்று நலமாகப் பள்ளிக்குச் செல்கிறான்.