பிராக்ரஸ் பார் உண்மையைச் சொல்ல வேண்டும்

பைல்களை காப்பி செய்யும்போதும் புதிய புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போதும் திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குப் பெயர் பிராக்ரஸ் பார். எவ்வளவு வேலை முடிந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை இது காட்டுகிறது. இப்படி ஒரு பட்டை இருப்பதையே பயனர்கள் விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர் 1985-ல் ஒரு கட்டுரையில் காட்டினார். நம் சொந்த புரோகிராமில் இதை எப்படி வைப்பது என்று இங்கே பார்ப்போம். அதற்கு முன் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது, அவருடைய கடன் கணக்குக்கு விசுவல் பேசிக்கில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் ஒரு பட்டனை கிளிக் செய்தால், கணக்கு பைல்கள் பென் டிரைவுக்குப் போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் இருந்து நீங்கிவிடும். என் லேப்டாப்பில் இந்த வேலைக்கு 20 விநாடி ஆனது. எனவே 20 விநாடியில் பட்டை நிரம்பும்படி டைமரை வைத்துவிட்டேன்.

மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் அதே வேலைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பட்டை நிரம்பியதும் அவர் பென் டிரைவை உருவிவிட்டார். அதன்பின் அது திறக்கவே இல்லை. "நூறுன்னு காட்டுச்சேப்பா, அதான் எடுத்தேன்" என்றார். தவறு அவருடையது அல்ல. ஊர் ஊராகப் போய், "உங்க பாக்கி எவ்வளவு?" என்று அவர்களையே கேட்டுக் கணக்கை மீண்டும் எழுதினார். அதன்பின் ஆறு மாதம் அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, நோட்டுப் புத்தகம்தான்.

என் பட்டை வேலையைப் பார்த்து நகரவில்லை, கடிகாரத்தைப் பார்த்து நகர்ந்தது. அதுதான் கோளாறு. எந்தக் காத்திருப்புக்கு எந்தப் பட்டை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மொத்தம் மூன்று வகை.

1. நேரம்தான் வேலை

அதே ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறந்து வைக்கப்பட்டது. மங்கலான விண்மீனைப் படம் எடுக்க, இத்தகைய தொலைநோக்கிகளில் கேமராவின் ஷட்டரைப் பல நிமிடங்கள் திறந்து வைப்பார்கள். 15 நிமிடம் என்றால் 900 விநாடி. இங்கே நேரம் கழிவதுதான் வேலை. ஆகவே டைமரை வைத்து பட்டையை நகர்த்துவது சரி.

இதைச் செய்து பாருங்கள். விசுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் விசுவல் பேசிக்கில் விண்டோஸ் பார்ம்ஸ் புராஜெக்ட் ஒன்றைத் தொடங்குங்கள். டூல்பாக்ஸில் இருந்து பிராக்ரஸ்பார், டைமர், பட்டன் மூன்றையும் பார்மில் இழுத்து விடுங்கள். புராப்பர்ட்டிஸ் விண்டோவில் பிராக்ரஸ்பாரின் மினிமம் 0, மாக்ஸிமம் 900 என்றும், டைமரின் இன்டர்வல் 1000 என்றும் கொடுங்கள். 1000 மில்லி விநாடி என்பது ஒரு விநாடி. பட்டனை கிளிக் செய்ததும் அப்போதைய நேரத்தைக் குறித்துக்கொண்டு டைமர் ஓடத் தொடங்க வேண்டும். டைமர் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும், தொடங்கியதில் இருந்து எத்தனை விநாடி ஆனது என்று கணக்கிட்டு அதை வேல்யூவில் வையுங்கள். வேல்யூ, மாக்ஸிமத்தைத் தாண்டினால் பிழைச் செய்தி வரும். அதனால் 900 ஆனதும் டைமரை நிறுத்திவிடுங்கள்.

2. அளவு தெரிந்த வேலை

பைல் காப்பி இந்த வகை. மொத்த அளவு முன்பே தெரியும். ஆகும் நேரம்தான் கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் மாறும். எனவே விநாடியை எண்ணாமல், முடிந்த அளவை எண்ணுங்கள். மொத்தம் 20,000 கேபியில் 5,000 கேபி போயிருந்தால் பட்டை 25-ல் நிற்க வேண்டும். பைல்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். சிறிய பைல்கள் வேகமாக ஓடிவிடும். ஒரு பெரிய பைல் வந்தால் பட்டை அசையாமல் நிற்கும்.

காப்பி வேலையை நேராக பட்டனின் கிளிக்கில் எழுதினால், வேலை முடியும்வரை பார்ம் உறைந்துவிடும், பட்டையும் நகராது. இதற்கு பேக்கிரவுண்ட்ஒர்க்கர் என்ற கண்ட்ரோலைப் பயன்படுத்துங்கள். அதன் ஒர்க்கர்ரிப்போர்ட்ஸ்பிராக்ரஸ் புராப்பர்ட்டியை ட்ரூ ஆக்குங்கள். காப்பி செய்யும் வரிகள் டூஒர்க் பகுதியில் வர வேண்டும். அங்கிருந்து ரிப்போர்ட்பிராக்ரஸ் மூலம் சதவீதத்தை அனுப்புங்கள். அதை வாங்கி பட்டையின் வேல்யூவில் வைப்பது பிராக்ரஸ்சேஞ்ச்டு பகுதியின் வேலை. டூஒர்க்கில் இருந்து பட்டையை நேரடியாகத் தொடக் கூடாது.

3. அளவே தெரியாத வேலை

ஒரு போல்டருக்குள் எத்தனை பைல்கள் உள்ளன என்று தேடும்போது மொத்தம் எவ்வளவு என்று நமக்கே தெரியாது. அப்போது பிராக்ரஸ்பாரின் ஸ்டைல் புராப்பர்ட்டியை மார்க்கீ என்று மாற்றுங்கள். பட்டை சதவீதம் எதுவும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை நடக்கிறது, பொறுங்கள் என்பதே இதன் பொருள். தெரியாத இடத்தில் பொய்க் கணக்கு காட்டுவதைவிட இது நல்லது.

100 எப்போது?

கடைசி பைலை எழுதியவுடன் 100 காட்டிவிடாதீர்கள். பென் டிரைவில் எல்லா பைல்களும் இருக்கின்றனவா, அவற்றின் அளவு மூல பைல்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் 100 காட்டி, "முடிந்தது" என்ற செய்தியைக் கொடுங்கள். மூல பைல்களை உடனே அழிக்காமல் அடுத்த மாதம்வரை ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்திருங்கள். பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு பழக்கம் தேவை: விண்டோஸில் உள்ள சேஃப்லி ரிமூவ் வசதியைக் கொடுத்த பிறகே பென் டிரைவை எடுக்க வேண்டும்.

மாமாவின் புரோகிராமை இந்த முறையில் திருத்திக் கொடுத்தேன். இப்போது பட்டை மெதுவாகத்தான் நகர்கிறது. 60-ல் சற்று நிற்கும். மாமாவும் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். ஆனால் நோட்டுப் புத்தகத்தை மட்டும் அவர் இன்னும் கைவிடவில்லை. கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.