திண்ணைப் பேச்சும் கந்தோர்க் கோப்பும்

மாரி தொடங்கி மூன்றாவது கிழமை. வன்னியில் மீளக்குடியேறிய ஒரு கிராமம். குளக்கட்டைத் திருத்தி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் துருசுக்குப் பக்கத்தில் கட்டு நனைந்து நீர் கசியத் தொடங்கிவிட்டது. இரவிரவாக மண்மூட்டை அடுக்கிவிட்டு, விடியற்காலையில் தேநீர்க் கடைக்கு வந்த கமக்காரர்கள் அங்கே அரசியல் பேசினார்கள். "எஞ்சினியர் திண்டிட்டான்" என்றார் ஒருவர். "உங்கட கட்சிக்காரர் கொண்டுவந்த வேலைதானே, அதுதான் இந்த லட்சணம்" என்றார் இன்னொருவர். யார் எந்தத் தேர்தலில் யாருக்கு வாக்குப்போட்டார், யார் எந்த முகாமில் என்ன சலுகை பெற்றார் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. விடிந்து வெயில் ஏறியபோது இரண்டு மச்சான்மார் கதைபேச்சு இல்லாமல் எழுந்து போனார்கள். குளத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது.

சில நாட்களின் பின் நான் அங்கு போனேன். இரு பகுதியையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினேன். "அரசியலை விடுங்கோ, ஊர் ஒற்றுமையைப் பாருங்கோ" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று நினைக்கும்போது அது நான் செய்த பிழை என்றே படுகிறது. நெற்காணிக்கு நீர் வருமா வராதா என்பதே அந்த மக்களின் அரசியல். அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர்கள் அரசியல் பேசியதில் குறை இல்லை. அந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் வரவில்லை: இந்தக் கட்டுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?

கடையில் இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போவது அதைத்தான். அயலவரோடு அரசாங்கத்தைப் பற்றி வாதாடும்போது நம் பேச்சு பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே போகிறது. அவர் கள்ளன், இவர் நல்லவர், அவர் எங்கட ஆள். இப்படிப்பட்ட வாதத்தில் யாரும் வெல்வதில்லை. ஏனென்றால் எவர் கையிலும் ஆதாரம் இல்லை. அதிகாரிக்கும் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. நாம் அவரைத் திட்டியது அவர் காதுக்குப் போவதே இல்லை. ஆனால் எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த வேலைக்கு, எந்தத் திகதியில் பணம் கொடுத்தார்கள், வேலை முடிந்ததென்று கையெழுத்து வைத்தவர் யார் என்று கேட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். இந்தக் கேள்விகளுக்கு விடை கந்தோர்க் கோப்பில் எழுத்தில் இருக்கிறது. அரசாங்கம் கடதாசி இல்லாமல் ஒரு ரூபாவும் செலவழிப்பதில்லை.

இதை நன்றாக விளங்கிக்கொண்ட கிராமத்தவர்கள் இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் இருந்தார்கள். அவர்களும் எங்களைப் போல மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள். வறட்சி வந்தால் அரசாங்கத்தின் நிவாரண வேலைக்குப் போய்க் குளம் வெட்டி, வீதி போட்டுக் கூலி வாங்கியவர்கள். சட்டப்படி கிடைக்கவேண்டிய ஆகக்குறைந்த கூலி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்டபோது, "நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள் அதிகாரிகள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் அது இரகசியம் என்றார்கள். அந்த மக்களோடு, அரச நிர்வாக சேவையில் இருந்து விலகி வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டில் தங்கி வேலைசெய்தார்கள். 1990 மே முதலாந் திகதி மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் கமக்காரர் சங்கம் பிறந்தது.

அவர்கள் கண்ட வழி மிக எளியது. எப்படியோ கிடைத்த வரவுப்பதிவேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஊர் நடுவே எல்லோரும் கூடியிருக்க உரத்து வாசித்தார்கள். அவ்வளவுதான். முதலாவது பொது விசாரணைக் கூட்டம் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் நடந்தது. பதிவேட்டில் ஒருவர் பெயரை வாசித்து, "நீ இந்த வேலைக்குப் போனாயா, இவ்வளவு கூலி வாங்கினாயா" என்று அவரையே கேட்டார்கள். போகவே இல்லை என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களே அந்தக் கூட்டங்களில் முக்கிய சாட்சிகள். தன் ஊரில் எந்தக் கட்டிடம் எழும்பியது, எது எழும்பவில்லை என்று சொல்லப் படிப்பு எதற்கு?

1996இல் பியாவர் நகரில் நாற்பது நாட்கள் அமர்ந்து போராடினார்கள். ராஜஸ்தான் 2000இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்திய நாடாளுமன்றம் 2005இல் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. கூலிக்காகத் தொடங்கிய ஊர்ச் சண்டை நாட்டின் சட்டமாக முடிந்தது.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையைப் பிரசைகளின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தை எங்கள் மக்களில் பலர் பத்திரிகைக்காரருக்கும் சட்டத்தரணிகளுக்கும் உரியது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது குளக்கட்டுக்காரருக்கே கூடிய பயன் தருவது.

ஒவ்வொரு அரச கந்தோரிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். பிரதேச செயலகம், பிரதேச சபை, கமநல அபிவிருத்தித் திணைக்களம், மாகாண சபைத் திணைக்களங்கள் எல்லாம் இதில் அடங்கும். அவருக்கு எழுத்தில் கேட்கலாம். எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால் போதும். அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. "ஏன் கேட்கிறாய்" என்று அவர் கேட்க முடியாது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒருவருடைய உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும்.

எல்லாம் கிடைக்காது. தேசிய பாதுகாப்பு, பிறருடைய சொந்த வாழ்க்கை விபரம் போன்றவற்றை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மறுப்பதைவிட வெளியிடுவதில் பொதுநன்மை கூட என்றால் அவற்றையும் தரவேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் உதவும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச நிறுவனங்களிடமோ பெருமளவு நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவல் அளவில், இச்சட்டத்துக்குள் வருகின்றன. அப்படிப்பட்ட நிதியில் வீட்டுத்திட்டம் செய்யும் எங்களைப் போன்றவர்களிடமும் நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அது எங்களுக்குச் சங்கடமாக இருந்தால் அந்தச் சங்கடம் எங்களுடையது.

அந்தக் குளக்கட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கமக்காரர் அமைப்பின் செயலாளர், கணவனை இழந்த ஒரு தாய், எட்டாம் வகுப்புவரை படித்தவர். கொப்பித்தாளில் அவர் எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"எங்கள் கிராமத்துக் குளக்கட்டைத் திருத்துவதற்காக ஒதுக்கிய மொத்தத் தொகை, வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்த திகதிகளும் தொகைகளும், வேலையை அளந்து பதிந்த ஏடு, வேலை முடிந்ததென்று உறுதிப்படுத்திய அலுவலரின் பதவி ஆகியவற்றின் பிரதிகளைத் தயவுசெய்து தரவும்."

இதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை, ஒரு பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஊழல் செய்தீர்களா" என்று கேட்டிருந்தால் அதற்குக் கொடுக்க எந்தக் கோப்பும் இல்லை. அவர் கேட்டது இருக்கிற கடதாசியை. அமைப்பின் பெயரில் கேட்டதும் நல்லது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் அந்த அமைப்பும் பிரசையாகவே கொள்ளப்படும். தனி ஆளாகக் கேட்டால் நிவாரணப் பட்டியலில் பெயர் வெட்டுப்படும், யாராவது வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்ற பயம் எங்கள் மக்களுக்கு உண்டு. அது காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. ஆனால் அறுபது குடும்பத்தின் பெயரில் போகும் கடிதத்துக்கு ஒரு குடும்பத்தைக் குறிவைப்பது கடினம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரப்படுத்தினார்கள்.

முதற்தடவை பதில் வரவில்லை. மேன்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் கூடி வாசித்தார்கள். மதிப்பீட்டில் வேலை இரண்டு கட்டமாக இருந்தது. துருசுப் பக்கம் இரண்டாம் கட்டம். அதற்கான பணம் விடுவிக்கப்படவே இல்லை. ஆக, "எஞ்சினியர் திண்டிட்டான்" என்ற கதை துருசைப் பொறுத்தவரை பொய். ஒருவரும் சந்தேகிக்காத வேறொன்றும் வெளிவந்தது. முதற்கட்டத்தில் திருத்தியதாகப் பதிந்திருந்த கட்டின் நீளத்தை இளைஞர்கள் கயிறு பிடித்து அளந்தபோது எழுபது மீற்றருக்கு மேல் குறைந்தது. இருபது பேர் இரண்டு மாரிக்கு வாதாடியிருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார்கள். அலுவலர்கள் வந்து திரும்ப அளந்தார்கள். துருசு வேலை அடுத்த வருடம் நடந்தது. நீளக்குறைவுக்கு எவரும் பொறுப்பேற்றதாக இதுவரை கேள்விப்படவில்லை. அந்த மச்சான்மார் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

காணி விடயத்தில் இது இன்னும் முக்கியம். 2025 மார்ச் 28ஆந் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணி பற்றி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும். கோராவிட்டால் அரச காணியாகும். காணியெல்லாம் போகப்போகிறது என்று ஒரு பகுதியினர் பேசினார்கள். உரித்தைத் தீர்த்துக் கொடுக்கத்தான் இது என்றது அரசாங்கம். இரண்டையும் கேட்டுவிட்டு நம்மவர் சந்தியில் நின்று வாதாடினார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு அன்று தேவைப்பட்டது வேறு: என் காணியின் கிராம அலுவலர் பிரிவு அதில் இருக்கிறதா, கடைசித் திகதி என்ன, உறுதி தொலைந்தவர் எதைக் காட்டுவது? இடப்பெயர்வில் உறுதியைப் பறிகொடுத்தவர்கள், இந்தியாவில் இருப்பவர்கள், இவர்களுக்கு மூன்று மாதம் என்பது ஒன்றுமே இல்லை. அந்த அறிவித்தலை வாசித்தவர்கள்தான் நீதிமன்றம் சென்றார்கள். 2025 யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது. அடுத்த வர்த்தமானி வரும்போது எங்கள் ஊரில் அதை வாசிக்க யார் இருக்கிறார்?

அபிவிருத்தி வேலை எதுவானாலும் தொடங்கமுன்னரே கேட்பது இன்னும் நல்லது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும், விசேடமாகப் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிப்பது உரிய அமைச்சரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. இது எங்கள் பக்கத்தில் ஒழுங்காக நடந்ததை நான் காணவில்லை. நாம் கேட்டதும் இல்லை.

கூட்டம் வைக்கும்போது ஒரு வேண்டுகோள். கடதாசியை முதலில் முழுவதும் வாசியுங்கள். வாசித்து முடியும்வரை எவரும் கருத்துச் சொல்லவேண்டாம். பெண்கள் முன்வரிசையில் இருக்கட்டும். வீட்டுத்திட்டப் பட்டியலில் யார் வீடு கட்டினார், யார் கட்டவில்லை என்று அவர்களுக்கே கூடத் தெரியும். கட்சிக்காரர் இருந்தால் இருக்கட்டும், அவரும் ஊரவர்தானே. சம்பந்தப்பட்ட அலுவலரையும் அழையுங்கள். அவர் வந்து விளக்கம் சொன்னால் மரியாதையாகக் கேளுங்கள். சில வேளை அவர் பக்கத்தில் நியாயம் இருக்கும்.

குழுவாக இருந்து கலந்து பேச:

சென்ற மாதம் எங்கள் ஊரில் அரசியல் பற்றி நடந்த ஒரு வாக்குவாதத்தை நினைவுக்கு எடுங்கள். அதில் எந்தக் கேள்விக்கு விடை கந்தோர்க் கோப்பில் இருந்திருக்கும்?

எங்கள் பகுதியில் இப்போது நடக்கும் வேலை ஒன்றைத் தெரிவுசெய்து, மேலே உள்ளதைப் போல ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டோ பெயரோ அதில் வந்திருந்தால் வெட்டிவிட்டுத் திரும்ப வாசியுங்கள்.

இடம்பெயர்ந்தபோது கைவிட்ட காணிக்கு உங்களிடம் என்ன கடதாசி இருக்கிறது? உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, பழைய கூப்பன் அட்டை எதுவாயினும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்து வைப்போம்.