வெளிநாட்டு விடுதியில் தீபாவளியா?

ஆரணியிலிருந்து மேல்படிப்புக்குப் போன பிள்ளைகளே, ஐப்பசியில் அங்கே வகுப்பு நடந்துகொண்டிருக்கும். இப்படிச் செய்யுங்கள்:

1. தேர்வு அட்டவணை வந்ததுமே பண்டிகை விடுப்புக்கு எழுதிக் கேளுங்கள். கடைசி நேரத்தில் தேதி மாற்றுவது கடினம். யூத மாணவர்கள் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் என்ற தங்கள் பண்டிகைகளுக்கு இப்படித்தான் கேட்கிறார்கள்.

2. பிரிட்டன் என்றால் பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை.

3. ஆரணிப் பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கினால் சரிகை கறுக்கும்.

4. அறையில் அகல் ஏற்றாமல் பேட்டரி விளக்கு வையுங்கள். புகை பட்டால் எச்சரிக்கை மணி அலறும்.

5. தீபாவளிக்கு முந்தின இரவே வீட்டுக்குப் பேசுங்கள். நவம்பரில் லண்டனில் இரவு 11.30 என்றால் ஆரணியில் விடியற்காலை 5 மணி.

தீபாவளியன்று அறையில் தனியாக இருக்காதீர்கள்; நாலு நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.