காயலான் கடையும் பொருளியலும்

பொருளியல் என்றதும் வங்கி, பங்குச் சந்தை, வரவு செலவுத் திட்டம் எனப் பெரியனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தேவை, அளிப்பு, விலை என்று வகுப்பறையில் நாம் கற்கும் விதிகள் நாள்தோறும் செயற்படுவதை ஊர்க் கடைவீதியின் ஒரு மூலையிலும் காணலாம். அந்த மூலைதான் பழைய இரும்புக் கடை. பொருளியல் மாணவன் என்ற முறையில் எங்கள் ஊரிலுள்ள அத்தகைய கடையொன்றுக்குச் சில மாலைகள் சென்று, அங்கு நடப்பதைப் பார்த்தும் கேட்டும் அறிந்தேன். அவற்றை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் தொழிலும்

இக்கடையை மக்கள் ‘காயலான் கடை’ என்றே அழைக்கின்றனர். காயல்பட்டினத்து வணிகர்கள் முற்காலத்தில் பழைய பொருள்களை வாங்கி விற்றதால் இப்பெயர் வந்தது என்று சொல்வது வழக்கம். பேச்சுவழக்கிலோ, உதவாத பொருளைப் பழிக்க இப்பெயர் பயன்படுகிறது. உண்மையில் உதவாதது என்று நாம் கழித்ததை உதவும் பொருளாக மாற்றும் இடம் அது.

இத்தொழில் ஒரு சங்கிலி போன்றது. முதற்கண்ணி, தெருத்தெருவாகச் செல்லும் சைக்கிள் வியாபாரியும் குப்பையில் பொறுக்குபவரும் ஆவர். ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்ற குரலை நம் பெற்றோர் நன்கு அறிவர். இரண்டாவது கண்ணி, நம் ஊர்க் கடை. மூன்றாவது, ஒரே வகைச் சரக்கை லாரிக் கணக்கில் வாங்கும் மொத்த வியாபாரி. இறுதிக்கண்ணி ஆலை. பழைய இரும்பு கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களின் உருக்கு உலைகளுக்கும், அட்டையும் தாளும் உடுமலைப்பேட்டை போன்ற இடங்களின் காகித ஆலைகளுக்கும் செல்கின்றன. உடைந்த வாளி ஒன்று இத்தனை கைகள் மாறியே மறுபிறவி எடுக்கிறது.

பிரிப்பதே பெருக்குவது

கடையில் நான் கண்ட முதன்மையான உழைப்பு, தூக்குவதோ எடை போடுவதோ அன்று, தரம் பிரிப்பதே. கலந்து கிடக்கும் குவியலுக்கு மதிப்புக் குறைவு. பிரித்த குவியலுக்கு மதிப்பு அதிகம். பித்தளை போல மின்னும் பொருளில் காந்தத்தை வைத்துப் பார்க்கின்றனர். ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே இருப்பது வெறும் பூச்சு. ஐயம் இருப்பின் அரத்தால் ஒரு தேய்ப்பு. உள்நிறம் உண்மையைச் சொல்லிவிடும். தகரம் வேறு, வார்ப்பிரும்பு வேறு, கனத்த இரும்பு வேறு. வெள்ளைத் தாள், செய்தித்தாள், அட்டை என்று தாளிலும் பிரிவுகள் உண்டு. பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தும் வளைத்துப் பார்த்தும் வகை சொல்கின்றனர். இந்த அறிவை எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, கைப்பழக்கமே ஆசான்.

இவ்வுழைப்பினால் நாட்டுக்கு விளையும் நன்மை சிறிதன்று. ஒரு டன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால், ஏறத்தாழ 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும். பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே, பழைய அலுமினியத்தை உருக்கப் போதும். காகிதத்தின் நார் ஒவ்வொரு முறையும் குறுகுவதால், அதனை 5 முதல் 7 முறை வரையே மீண்டும் பயன்படுத்த இயலும். இரும்புக்கும் கண்ணாடிக்கும் அவ்வரம்பு இல்லை.

ஊருக்குச் செய்யும் உதவி

கடைக்காரர் காலையில் தெரு வியாபாரிகளுக்கு முன்பணம் தருகிறார். அதுவே அவர்களுடைய அன்றைய முதல். மாலையில் சரக்கை எடை போட்டுக் கணக்கை முடிக்கின்றனர். ஈடு காட்ட ஒன்றுமில்லாத ஏழைக்கு எந்த வங்கியும் இவ்வாறு நாள் கடன் தருவதில்லை. அதே வேளையில் முன்பணம் வாங்கியவர் அக்கடைக்கே, அவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. உதவியும் பிணைப்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

பழைய பாடநூல்களை அக்கடைக்காரர் எடைக்குப் போடாமல் தனியே அடுக்கி வைக்கிறார். நம் கல்லூரி மாணவர் சிலர் குறைந்த விலையில் அவற்றை வாங்கிப் படிக்கின்றனர். பட்டறைக்காரருக்கு நட்டும் போல்ட்டும், சைக்கிள் கடைக்காரருக்கு உதிரிப் பாகமும் அங்கேதான் கிடைக்கின்றன. உருக்குவதற்கு முன் அப்படியே பயன்படுத்த இயலுமா என்று பார்ப்பதே சிறந்த சிக்கனம் அன்றோ?

விலை முடியும் இடம்

இனி இத்தொழிலின் எல்லையைப் பார்ப்போம். பால் கவர்களைக் கழுவி உலர்த்திச் சேர்த்தால் எடைக்கு எடுக்கின்றனர். ஆனால் தின்பண்டங்கள் அடைத்து வரும் பளபளப்பான உறைகளை எவரும் தொடுவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையை விட மிகுதி. எனவே அவை சாக்கடைக்கும் குளத்துக்கும் போகின்றன. காயலான் கடை விலையால் இயங்குவது. விலை முடியும் இடத்தில் அதன் தொண்டும் முடிந்துவிடுகிறது.

மற்றோர் எல்லை உடல்நலம். செம்புக்காக மின்கம்பிகளை எரிப்பதும், ஈயத்துக்காகப் பழைய பேட்டரிகளைக் கையால் உடைப்பதும் சில இடங்களில் நடக்கின்றன. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே குன்றச் செய்யும். கையுறை கூட இன்றிக் கண்ணாடிச் சில்லுகளைப் பிரிக்கும் பெண்களின் விரல்களில் நான் கண்ட காயங்கள், சந்தை விலையில் சேராத செலவு. பாடநூல்கள் ‘புறச் செலவு’ என்று கூறுவது இதனையே.

வழி என்ன?

விலை இல்லாத பொருளுக்குச் சமுதாயம் விலை ஏற்படுத்த முடியும். நீலகிரியில் காட்டில் வீசப்பட்ட மதுப் புட்டிகளின் சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், 2022இல் அங்கு ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. வீசப்பட்டு வந்த புட்டிகளில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பலாயின. காலிப் புட்டிக்குக் கிடைத்த விலையே அதற்குக் காரணம்.

உழைப்பவருக்கு மதிப்பு ஏற்படுத்தவும் முடியும். புனே நகரில் குப்பை பொறுக்குவோர் 1993இல் ஒரு சங்கமாகத் திரண்டனர். அதன் வழியே 2008இல் தோன்றிய ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுதோறும் குப்பையைப் பெற்றுப் பிரிக்கிறது. உறுப்பினர்க்கு வீடுகளிலிருந்து கட்டணமும், பிரித்த பொருளை விற்ற வருவாயும் கிடைக்கின்றன. பொறுக்கியவர் பணியாளர் ஆனார்.

நாம் செய்யக்கூடியவை எளியன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி போன்ற தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரித்துத் தரும்படி 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. சோற்றுப் பருக்கை ஒட்டிய தாளை ஆலை ஏற்காது. உலர்ந்த தாளை ஏற்கும். ஆகவே நம் விடுதியில் உலர்ந்த குப்பைக்குத் தனித் தொட்டி வைப்போம். கல்லூரியில் கழிக்கப்படும் தாள்களை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் திரட்டி விற்று, அத்தொகையில் அக்கடையின் தொழிலாளர்க்குக் கையுறையும் காலணியும் வாங்கித் தரலாம். இவ்வாண்டே இதனைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள்.

நாட்டின் செல்வம் சுரங்கத்திலும் வயலிலும் மட்டும் பிறப்பதில்லை. கழித்ததைப் பிரித்தெடுக்கும் கையிலும் பிறக்கிறது. அந்தக் கைக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் மதிப்பும் கிடைக்கச் செய்வது, பொருளியல் கற்கும் நமக்கும், கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் உள்ள கடமையாகும்.