காலியாகக் கிடந்த இன்குபேட்டர்

மாணவர்களே, குறைமாதத்தில் பிறந்த குழந்தையால் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. 2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று, மலிவான இன்குபேட்டர் வடிவமைக்கும் பணியை வகுப்பில் ஏற்றது. குழுவில் ஒருவர் நேபாளம் சென்றார். நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன! குழந்தைகள் பிறந்ததோ தொலைதூரச் சிற்றூர்களில். கேள்வியே மாறிற்று: மின்சாரத்தை நம்ப முடியாத இடத்தில், தாயின் அருகிலேயே வெப்பம் தருவது எப்படி? கண்டுபிடிப்பில் பாதி இதுதான் என்பேன்.

மறுபாதி உங்கள் பாடநூலில் உள்ளது. ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசில் உருகும் மெழுகு போன்ற பொருளை உருக்கி, குழந்தையைப் பொதியும் பையினுள் வைத்தார்கள். அது மீண்டும் திண்மமாகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். அதுவரை வெப்பநிலை ஏறக்குறைய மாறாது. வகுப்பு முடிந்தும் நால்வர் விடவில்லை; 'எம்ப்ரேஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி இந்தியாவுக்கு வந்தனர்.

வெந்நீர்ப் பை ஏன் போதாது? நீங்களே சொல்லுங்கள்.