புது ஆட்களைப் பழக்க ஒரு ரோமானிய வழி

புதிதாகச் சேர்ந்த ஐந்தாறு பேரை வேலைக்குப் பழக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? ஸ்லைடு தயாரிக்க உட்காருமுன், கிராமத்துப் பையனை ரோமானியர்கள் படைவீரனாக்கிய விதத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

அந்த முறைகளைத் தொகுத்து எழுதியவர் ரோமானிய எழுத்தாளர் வெஜிடியஸ். திடலில் ஆறடி உயர மரக்கம்பம் நட்டிருக்கும். அதுதான் எதிரி. புதியவன் கையில் மரவாளும் பிரம்பால் பின்னிய கேடயமும். இரண்டுமே போரில் ஏந்துவதைப் போல இருமடங்கு எடை! காலையிலும் பிற்பகலிலும் கம்பத்தின் தலை, விலா, கால் என்று குறிவைத்துத் தாக்க வேண்டும். வீசி வெட்டக் கூடாது, குத்த வேண்டும். வெட்டக் கை ஓங்கினால் தன் வலது விலா திறந்துவிடும். ஆகவே தாக்கக் கற்கும்போதே தன்னைக் காத்துக்கொள்ளவும் கற்றான்.

பயிற்சி வேலையைவிடக் கடினமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் தலைகீழ். பயிற்சியில் சுலபமான மாதிரிக் கணக்கு, சீட்டில் உட்கார்ந்ததும் கொந்தளிக்கும் வாடிக்கையாளர். போன வருடம் வந்த மிகச் சிக்கலான புகாரை எடுங்கள். பாதி நேரம் மட்டும் கொடுத்துப் பயிற்சி அறையிலேயே தீர்க்கச் சொல்லுங்கள். அங்கே தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை.

சொல்லித்தர உள்ளே ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்து கூப்பிடுங்கள். கி.மு. 105-இல் ரோமின் உயர் பதவியான கான்சல் பொறுப்பில் இருந்த ருட்டிலியஸ் ரூஃபஸ், கிளாடியேட்டர் பள்ளி ஆசான்களையே படைக்கு வரவழைத்தார்.

அடுத்து, அமைப்பு. லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். ஆனால் வீரனின் அன்றாடம் எட்டுப் பேருக்குள் அடங்கியது. ஒரே கூடாரம், சாமான் சுமக்க ஒரு கோவேறு கழுதை, கோதுமை அரைக்க ஒரு திருகைக்கல். அப்படிப் பத்துக் குழு சேர்ந்தால் 80 பேர் கொண்ட செஞ்சுரி. அதன் தலைவன் செஞ்சுரியன் முன்னால் நிற்பான். துணைத்தலைவன் ஆப்டியோ வரிசைக்குப் பின்னால். யார் தளர்கிறான், யார் நழுவுகிறான் என்று பார்ப்பது அவன் பொறுப்பு. இந்த ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் டீம்களில் காணாமல் போயிருப்பவர் இந்த ஆப்டியோதான். டீம் லீடர் மீட்டிங்கில் இருக்கும் நேரத்தில், திணறும் புதியவரைக் கவனிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "யாராவது பார்த்துக்குங்க" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பாராட்டுவதற்கும் முறை உண்டு. கி.பி. 128-இல் பேரரசர் ஹேட்ரியன், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள லம்பேசிஸ் முகாமுக்குப் போனார். பயிற்சியை நேரில் பார்த்து, ஒவ்வொரு பிரிவிடமும் தனித்தனியாகப் பேசினார். அந்தப் பேச்சு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் பல நாள் கட்டும் சுவரை ஒரு பிரிவு ஒரே நாளில் முடித்ததையும், அதன் கற்கள் கனமானவை, சமமில்லாதவை என்பதையும் குறிப்பிட்டுச் சொன்னார். பிடிக்காததையும் மறைக்கவில்லை. அடுத்த அப்ரைசலில் 'நல்ல உழைப்பாளி' என்று எழுதாதீர்கள். எந்த வேலையைச் செய்தார், அதில் எது கடினம் என்று எழுதுங்கள். அதற்கு முதலில் அவர் சீட்டுக்குப் போய், வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்.